பூஜ்யம் என்று எழுதிய சனிக்கிழமை

பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளே வேலை முடித்து வெளியே வருகிற ஆளின் கையிலும் காலிலும் முகத்திலும் கருவியைக் காட்டி, கதிரியக்கத் தூசி எதுவும் ஒட்டவில்லை என்று பார்த்து, பூஜ்யம் என்று எழுதி அனுப்புவதுதானே நம் வேலை, அது வந்தால் சந்தோஷம்தானே என்பீர்கள். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தேன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த நிம்மதி போனது. அது போனதற்குக் காரணமான ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பெங்களூரில் அணு உலை எங்கே இருக்கிறது என்று என் உறவினர்கள் கேட்பார்கள். உலை இல்லை. கதிரியக்கப் பொருளைக் கையாண்ட பழைய ஆய்வுக்கூடங்கள் உண்டு. அப்படி ஒன்று நகரின் வடக்குப் பக்கம், மரங்கள் நிறைந்த ஒரு வளாகத்துக்குள் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு காலத்தில் அங்கே அமெரிசியம் என்ற கதிரியக்க உலோகத்தை மெல்லிய தகடுகளில் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். புகை வந்தால் மணி அடிக்கும் கருவிகளுக்குள் வைக்கிற தகடு. அந்த ஆய்வுக்கூடத்தைப் பிரித்து, காற்றுக் குழாய்களைக் கழற்றி, தரையைச் சுரண்டி, வெறும் கட்டடமாகத் திருப்பிக் கொடுக்கும் வேலை. பாதுகாப்பு அதிகாரி நான்.

அமெரிசியத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். அது வெளியிடும் ஆல்பா கதிரை ஒரு காகிதம் தடுத்துவிடும். தோலின் மேல் ஒட்டியிருந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு, மூச்சோடு உள்ளே போய்விட்டால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வர அவசரப்படாது. அதனால் அந்த இடத்தில் எங்களுக்குப் பெரிய பயம் கைதான். கையிலிருந்து வாய்க்குப் போகும் வழி எவ்வளவு சின்னது!

உள்ளே வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நகருக்குள் ஸ்ரீராம்புரத்திலிருந்தும் நீலசந்திராவிலிருந்தும் வந்தார்கள். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்தவர் ஸ்டெல்லா. நாற்பதை நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகள். காற்றுக் குழாய்களின் உட்புறத்தை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடும் வேலை அவருடையது. அதிகம் பேசமாட்டார். ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பார். முதல் வாரமே என்னிடம் கேட்டார்: "மேடம், கை உறை ரெண்டு போடச் சொல்றீங்க. வெளி உறையக் கழட்டும்போது உள் உறையில படுதே, அதுக்கு என்ன பண்றது?" பயிற்சி வகுப்பில் பத்து நாள் உட்கார்ந்தவர்கள்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

வெளியே வரும் வாசலில் சோதனை. பெண்களுக்கு வழக்கமாக நான் நிற்பேன், ஆண்களுக்கு மஞ்சுநாத். அவர் துமகூர்க்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பொறுப்பான மனிதர். ஆனால் அதுவரை வேறு வகைக் கதிர்கள் உள்ள இடங்களிலேயே வேலை செய்தவர். அங்கெல்லாம் கருவியின் தலைப்பகுதி அழுக்காகாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் உறை போடுவது வழக்கம். உறையைத் தாண்டி அந்தக் கதிர்கள் வந்துவிடும், கருவி காட்டிவிடும்.

அந்தச் சனிக்கிழமை என் அண்ணன் மகளுக்கு பெங்களூர் ஜீவனஹள்ளியில் நிச்சயதார்த்தம். அரை நாள் வேலைதான், ஆறே பேர்தான் உள்ளே போகிறார்கள் என்பதால் லீவு போட்டேன். காலையில் பூ கட்டுகிறவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது மஞ்சுநாத் கூப்பிட்டார். வெளியே முற்றத்தில் கான்கிரீட் உடைக்கிறார்கள், ஒரே தூசி, கருவியை என்ன செய்யட்டும் என்று கேட்டார். முற்றத்தில் கழிவுப் பீப்பாய்களைச் சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது; உறை போட்டாலும் அது வேலை செய்யும். நான் அதை நினைத்துக்கொண்டு, "மெஷினுக்குக் கவர் போட்டுக்கோங்க" என்றேன். எந்த மெஷின் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷ வேலையில் நான் செய்த பெரிய தவறு ஐந்து நொடிகூட எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணி தாண்டியிருக்கும். தட்டு மாற்றி முடிந்து, பந்தியில் இலை போட்டிருந்தார்கள். என் போன் அடித்தது. ஸ்டெல்லா.

"மேடம், விசேஷத்துல இருக்கீங்கன்னு தெரியும். ஒரு நிமிஷம்."

"சொல்லுங்கம்மா."

"இன்னைக்கு ஆறு பேரையும் செக் பண்றப்ப அந்த மெஷின் ஒரு தடவகூட சத்தம் போடல மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது நல்லதுதானேம்மா. சத்தம் போட்டாத்தான பிரச்சினை?"

"மஞ்சுநாத் சாரும் அதான் சொன்னாரு." பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. "சரிங்க மேடம். நான் ரயில் ஏறல. கன்டோன்மென்ட் ஸ்டேஷன்லயே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு இலைக்கு முன் உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்றினார்கள். கை சாதத்துக்குப் போகவில்லை. மெஷின் சத்தம் போடவில்லை என்று அவர் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. ரயில் ஏறவில்லை என்றாரே, அதுதான் உறைத்தது. அந்த ரயிலை விட்டால் அடுத்தது சாயங்காலம். சனிக்கிழமைகளில் மட்டும்தான் பிள்ளைகளோடு வெளிச்சம் இருக்கும்போது வீட்டில் இருக்க முடியும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். என்னோடு வாதம் செய்யவில்லை. பயப்படவும் இல்லை. தன் பாட்டுக்கு ரயிலை விட்டுவிட்டு நிற்கிறார். எதற்காக நிற்கிறார்?

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. ஆல்பா கருவி ஒன்றுமில்லாத இடத்திலும் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை 'டிக்' என்று சொல்லும். காற்றில், சுவரில் இயற்கையாக இருப்பதற்கே சொல்லும். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷச் சோதனை. ஆறு பேர். பன்னிரண்டு நிமிஷம் ஒரு 'டிக்'கூட இல்லை என்றால், ஆறு பேர் சுத்தம் என்று அர்த்தமில்லை. கருவிக்குக் காது அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இலையிலிருந்து எழுந்து மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன். "வாசல்ல ஆள செக் பண்ற சின்ன ப்ரோபுக்கும் கவர் போட்டீங்களா?"

"ஹௌது மேடம். எரடக்கூ போட்டேன்." இரண்டுக்கும் போட்டிருக்கிறார். காகிதத்தையே தாண்டாத ஆல்பா அந்த பிளாஸ்டிக்கை எப்படித் தாண்டும்?

"காலைல டெஸ்ட் பண்ணீங்கல்ல?"

"பண்ணேன் மேடம். நல்லா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கவர் போட்டேன். நீவே ஹேளித்ரி..." சொன்னது நீங்கள்தானே என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். எதிர்ப்பக்கம் அவருக்கும் புரிந்துவிட்டது.

ஆறு பேரைச் சோதிக்காமலே ஊருக்குள் அனுப்பியிருக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வேறு. ஒவ்வொருவரும் இலையையோ தட்டையோ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கூப்பிட்டது ஸ்டெல்லாவைத்தான். மன்னிப்புக் கேட்கும் நேரம் இல்லை. "நீங்க சொன்னது சரிம்மா. மெஷின் பாக்கல. மத்தவங்க எங்க?"

"முருகன், ஏழுமலை, தாஸ் மூணு பேரும் ஸ்ரீராம்புரம் போய்ச் சேர்ற நேரம். ராணியும் பாத்திமாவும் நீலசந்திரா பஸ்ல இருப்பாங்க."

"எல்லாருக்கும் போன் போட்டு உடனே சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க. எதையும் சாப்பிடக் கூடாது."

"வேணாம் மேடம்."

நான் அதிர்ந்துபோனேன். என்ன வேண்டாம்?

"கை கழுவச் சொன்னா வீட்டுக்குள்ள போவாங்க. அங்க குழாய் உள்ளதான் இருக்கு. கதவத் தொடணும், குடத்தத் தொடணும். ஏழுமலைக்குக் கைக்குழந்த இருக்கு, வாசல்லயே வந்து தாவும். எல்லாரையும் அப்படியே வெளியில நிக்கச் சொல்றேன். நீங்க மெஷின் எடுத்துட்டு வாங்க."

என் கைப்புத்தகத்தில் எழுதியிருந்தது 'முடிந்தவரை விரைவில் கழுவுக'. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் யாரும் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஒற்றை அறை வீட்டுக்குள் போய்ப் பார்த்ததில்லை. நானும் போனதில்லை. எங்கே கழுவுவார்கள் என்று யோசிக்காமல் கழுவச் சொன்னேன். ஸ்டெல்லாவுக்கு அந்த வீடுகள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன.

"சரி. உங்க பேச்சு கேப்பாங்களா?"

"என் பேச்சு கேப்பாங்க. உங்க பேச்சுன்னா பயந்துடுவாங்க." அதே குரலில் அடுத்து, "முதல்ல ஸ்ரீராம்புரம் போங்க மேடம். நாங்க பொம்பளைங்க இங்கயே இருக்கோம். ராணியையும் பாத்திமாவையும் பஸ்ஸுலேருந்து எறக்கி இங்க வரச் சொல்லிடறேன்."

உறையைக் கழற்றி, கருவியைத் திரும்பச் சோதித்துவிட்டு, சோப்பு, வாளி, துணி எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்ரீராம்புரம் வரும்படி மஞ்சுநாத்திடம் சொன்னேன். பட்டுப் புடவையோடு ஆட்டோவில் ஏறினேன். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் இன்றுவரை அதை மறக்கவில்லை.

நானும் மஞ்சுநாத்தும் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சந்தில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஏழுமலை. இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரிலும் சாயாமல் நின்றுகொண்டிருந்தார். முருகனும் தாஸும் சற்றுத் தள்ளி அதே மாதிரி. ஏழுமலையின் மனைவி வாசற்படியில் குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்திருந்தாள். குழந்தை அப்பாவிடம் போக வேண்டும் என்று வீறிட்டு அழுதது. ஏழுமலை அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் கை இறங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"ஏனாயித்து, என்னாச்சு மேடம்? திரும்பவும் கொரோனாவா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "போலீஸ் கேஸாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இதுவரை நான் வேலை செய்த இடங்களிலெல்லாம் பொதுமக்களிடம் சொல்வதற்கு என்று ஒரு வாசகம் வைத்திருப்பார்கள். 'வழக்கமான சோதனை, பயப்பட ஒன்றுமில்லை.' அது நாக்கு நுனி வரை வந்தது. ஏழுமலையின் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அது திரும்பிப் போனது. வழக்கமான சோதனைக்கு எந்த ஆண்பிள்ளையும் நடுத்தெருவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"இவங்க வேலை செய்ற எடத்துல ஒரு கெட்ட தூசி இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "வெளிய வரும்போது கையில ஒட்டியிருக்கான்னு பாத்து அனுப்பணும். இன்னைக்கு நாங்க சரியாப் பாக்காம அனுப்பிட்டோம். தப்பு எங்களோடது. தோல்ல இருந்தா ஒண்ணும் பண்ணாது. பறந்து வந்து உங்க மேல ஒட்டாது. வாய்க்குள்ள போகக் கூடாது, அவ்வளவுதான். அதனாலதான் இவங்க எதையும் தொடாம நிக்கிறாங்க. இப்ப பாத்துடுவோம்."

நான் முதலில் என் வெறும் கையைக் கருவிக்குக் கீழே நீட்டினேன்; எப்போதாவது ஒரு 'டிக்' மட்டும் வந்தது. பிறகு மஞ்சுநாத் பெட்டியிலிருந்து சோதனைத் தகட்டை எடுத்துக் காட்டினார், கருவி கடகடவென்று பேசியது. தகட்டை எடுத்ததும் அடங்கியது. "பேசற மெஷின்தான், பாத்துக்கோங்க" என்றார் தமிழில்.

தாஸ் சுத்தம். முருகனின் செருப்பில் மட்டும் கொஞ்சம் இருந்தது. செருப்பைப் பையில் கட்டினோம். ஏழுமலையின் இடது கை சுத்தம். வலது கையில் கட்டைவிரல் அடியில் வந்தபோது கருவி பேச ஆரம்பித்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அவர் மனைவி மட்டும் ஓரடி முன்னால் வந்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும் என்றேன். நான்கு வீடுகளிலிருந்து வந்தது. தேய்க்காமல், தோல் புண்ணாகாமல், சோப்பு நுரையில் மெதுவாகக் கழுவினேன். தண்ணீரை எங்கள் வாளியில் பிடித்தோம். முதல் கழுவலில் பாதிக்கும் மேல் போனது. மூன்றாவது கழுவலில் முழுவதும் போனது. கதவுத் தாழ்ப்பாள், குழந்தையின் கை, அவர் மனைவியின் புடவை முந்தானை எல்லாவற்றையும் பார்த்தோம். எதிலும் இல்லை. அவர் போன் வந்த இடத்திலேயே, வீட்டுக்குப் பத்தடி முன்னால் நின்றிருக்கிறார். முக்கால் மணி நேரம்.

"இனி தூக்கலாமா மேடம்?" என்றார். குழந்தையைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

கன்டோன்மென்ட் போய்ச் சேர மூன்றரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. நடைமேடையின் கடைசியில், கூரை முடிகிற இடத்துக்கும் அப்பால் வெயிலில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா தன் இரண்டு கைகளிலும் ரொட்டிப் பாக்கெட்டின் உறையைச் சுற்றி, மணிக்கட்டில் தலைமுடி ரப்பரால் கட்டியிருந்தார். மற்ற இரண்டு பேர் கையிலும் அதே மாதிரி. ஏன் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்தீர்கள், நிழலில் இருக்கலாமே என்று கேட்டேன்.

"அந்த பெஞ்சுல குழந்தைங்க உக்காருது மேடம்" என்றார்.

ராணியும் பாத்திமாவும் சுத்தம். ஸ்டெல்லாவின் இடது மணிக்கட்டில், கை உறை முடிகிற இடத்தில் தூசி இருந்தது. விரல் நுனிகளிலும் கொஞ்சம். அங்கேயே கழுவினோம், போனது. அவருடைய கைபேசியையும் துடைத்தோம். பிறகு நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். வெளியே வந்த பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா?

"கேட்டுக்கு வெளிய டீயும் பன்னும் சாப்பிட்டேன்" என்றார். "செக் பண்றப்பவே மனசு ஒத்துக்கல. மஞ்சுநாத் சார்கிட்ட சொன்னேன், க்ளீன்மா போங்கன்னாரு. பன்னு சாப்பிட்டு நடந்து வரேன், அப்பத்தான் நெனச்சேன். நேத்து வரைக்கும் சும்மா நிக்கும்போதே சத்தம் போட்டுச்சே, இன்னைக்கு மட்டும் ஏன் போடலன்னு."

மஞ்சுநாத் தலையைக் குனிந்துகொண்டார். சாயங்கால ரயில் வந்தபோது அவரை ஏற்றிவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் மறைக்க எனக்கு ஆசையில்லை. முதல் வரியில் 'பரிசோதகரின் கவனக்குறைவால்' என்று எழுதினேன். பொய் என்று சொல்லிவிட முடியாது. உறை போட்டது அவர்தான். இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவள் நான். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே ஒரு காபி குடித்து முடித்தேன். பிறகு அடித்துவிட்டு, எந்தக் கருவி என்று சொல்லாமல் நான் கொடுத்த உத்தரவால் என்று எழுதினேன். திங்கட்கிழமை திட்டத் தலைவர் படித்துப் பார்த்து, "பரிசோதகர் தவறுன்னு போட்டா ஒரே வரியில முடிஞ்சிடும், இது உங்க சர்வீஸ் ரெக்கார்டுல வரும்" என்று அக்கறையாகத்தான் சொன்னார். வரட்டும் என்றேன். வந்தது. அதோடுதான் ஓய்வு பெற்றேன். மஞ்சுநாத் இன்று இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மிகக் கவனமான ஆட்களில் ஒருவர். பழியை அவர் மேல் போட்டு வேலையிலிருந்து அனுப்பியிருந்தால் அது நடந்திருக்காது.

வேலையைப் பத்து நாள் நிறுத்தி வைத்தோம். சோதனை முறையை மாற்றினோம். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால், அந்த ஆளின் கண் முன்னாலேயே கருவிக்கு உயிர் இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். திரும்பத் தொடங்கும் நாளில் ஒப்பந்ததாரரின் ஆள் கொண்டுவந்த பட்டியலில் ஸ்டெல்லாவின் பெயர் இல்லை.

"அந்தம்மா எல்லாருக்கும் போன் பண்ணி பயமுறுத்திட்டாங்க மேடம். ஏரியாவுல பேரு கெட்டுப்போச்சு" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலுக்கு வெளியே ஏழுமலை பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "அவங்க வரலன்னா நானும் வரல." தாஸ் தன் பையை அதன் பக்கத்தில் வைத்தார். நான் பட்டியலை வாங்கி, கடைசியில் என் கையால் ஸ்டெல்லாவின் பெயரை எழுதி, "இந்தப் பட்டியல்படி ஆள் வந்தாத்தான் வேலைய ஆரம்பிக்க விடுவேன்" என்றேன். அடுத்த நாள் காலை ரயிலில் ஸ்டெல்லா வந்தார். வரமாட்டாரோ என்று எனக்குப் பயம் இருந்தது. வராமல் இருந்திருந்தாலும் நியாயம்தான்.

ஆனால் எங்கள் காத்திருப்பு முடியவில்லை. ஆறு பேரின் சிறுநீர் மாதிரிகளும் பரிசோதனைக்குப் போயிருந்தன. உள்ளே ஏதாவது போயிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. முடிவு வரும் வரை ஸ்டெல்லா உட்பட அந்த ஆறு பேரையும் கட்டடத்துக்குள் விடாமல் வெளி வேலையில் வைத்திருந்தோம். தினமும் காலையில் ஏழுமலை என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். ஸ்டெல்லா கேட்பார். "வந்துச்சா மேடம்?" இன்னும் இல்லை என்பேன். சரி என்று போய்விடுவார்.

முடிவு வந்த அன்று, ஐந்து பேருக்குக் கண்டறியும் அளவுக்குக் கீழே. ஒருவருக்கு மட்டும் ஒரு எண் இருந்தது. வரம்புக்கு எவ்வளவோ கீழே, மருந்து எதுவும் தேவைப்படாத அளவு. ஆனாலும் எண்தான். ஸ்டெல்லாவின் பெயருக்கு நேராக.

அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "உங்களுக்கு ரொம்பக் கொஞ்சம் போயிருக்கும்மா. பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றேன்.

ஸ்டெல்லா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். குரல் உயரவில்லை.

"கொஞ்சம், ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க மேடம். அன்னைக்கும் இப்படித்தான் நல்லதுதானேன்னு சொன்னீங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். எண்ணைக் காட்டினேன். பக்கத்தில் வரம்பின் எண்ணை எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஒரு கோடு போட்டுக் காட்டினேன். அடுத்த மாதிரி எப்போது எடுப்போம், எண் இறங்கிக்கொண்டே வந்தால் என்ன அர்த்தம், இறங்காவிட்டால் என்ன செய்வோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இந்தக் காகிதம் எங்க போகும்?"

"ஃபைலுக்கு."

"ஃபைல்ல இருக்கிறது என் உடம்பு மேடம். எனக்கு ஒண்ணு வேணும். தமிழ்ல. மத்த அஞ்சு பேருக்கும் வேணும். ஒண்ணுமில்லன்னு வாயால சொன்னா ஏழுமலை பொண்டாட்டி நம்பமாட்டா."

இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரின் கையைச் சோதித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எத்தனை மாதிரிகளை அனுப்பி, எத்தனை முடிவுகளை அலமாரிகளில் அடுக்கியிருப்பேன். ஒரு தொழிலாளியிடமும் அவருடைய முடிவை எழுதிக் கொடுத்ததில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணமா? அவர்களுக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறேன், அதுதான் உண்மை. நீங்கள் இனி போகும் எந்த இடத்திலும், யார் உடம்பைச் சோதிக்கிறீர்களோ அவருக்கு அவர் படிக்கும் மொழியில் முடிவை எழுதிக் கொடுங்கள். விதியில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

அன்று அறையை விட்டு வெளியே போகாமல் ஆறு தாள் எழுதினேன். பாத்திமாவுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் அவருடையதை மஞ்சுநாத் கன்னடத்தில் எழுதினார். ஒவ்வொன்றிலும் எண், வரம்பு, அடுத்த சோதனை எப்போது என்ற விவரம், கீழே என் கையெழுத்து. ஸ்டெல்லாவின் தாளைக் கடைசியாக அவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். விரலால் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார்.

"மேடம், இனிஷியல் விட்டுட்டீங்க."

இன்னொரு தாள் எடுத்து, இனிஷியலோடு முதலிலிருந்து எழுதிக் கொடுத்தேன்.